கைப்பெட்டி மட்டும்

ஏழு கிலோ என்றால் ஏழு கிலோதான், இதில் பேச என்ன இருக்கிறது என்று உலகு மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள், வீட்டில் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. டிக்கெட்டில் இருபத்தைந்து கிலோப் பெட்டி ஒன்று சும்மாவே சேர்த்தி. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விமானத்துக்குள் தலைக்கு மேலே வைக்கிற சின்னப் பெட்டி ஒன்றோடு ஆறு மாசத்துக்கு நியூசிலாந்து போகிற ஆளை இந்தத் தென்காசியில் யாரும் பார்த்தது கிடையாது. "சும்மா தாராம்லா, கொண்டு போனா என்ன" என்று அப்பா ஒரே ஒரு தடவை, அதுவும் பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டார். அம்மா எதுவும் கேட்கவில்லை. அதுதான் உறுத்தல். ஒரு நாள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனாலே இன்னொரு செட் துணி வை என்று பின்னாலேயே வருகிற அம்மா, கடல் தாண்டிப் போகிறவளிடம் "உன் இஷ்டம்" என்று சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது. இருக்கட்டும். மணி பத்தரை. திருவனந்தபுரத்துக்குக் கார் இரண்டு மணிக்கு வரும். செங்கோட்டை தாண்டி மலையேறி இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அப்பா நேற்றிலிருந்து நாலு பேரிடம் கேட்டு நாலு பதில் வாங்கி வைத்திருந்தார். வெளியே ஆனிச் சாரல். கொடியில் போட்டது இரண்டு நாளாகக் காயவில்லை, ஈரத்துணிக்கு எடை கூட என்பதே அவளுக்கு நேற்றுதான் உறைத்தது. கட்டில் நிறையப் பரப்பிவைத்து ஒவ்வொன்றாகச் சுருட்டினாள். மடிக்கக் கூடாது, பாய் மாதிரிச் சுருட்டணும், அப்போதுதான் இடம் மிஞ்சும் என்று யூடியூபில் ஒரு பெண் சொல்லியிருந்தாள். பத்து நாடு சுற்றிய பெண்ணாம், சிரித்துக்கொண்டே சுருட்டினாள். செத்துப்போன அக்கா வீட்டுக்கு அவளை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

கோமதி அக்கா போய் நாலு மாசம் பன்னிரண்டு நாள். பிள்ளை பெற்ற பதினோராம் நாள் தலை வலிக்கிறது என்று படுத்தாள், மூளையில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள், அது என்ன ஏது என்று இங்கே புரிந்துகொள்வதற்குள் முடிந்துபோனது. இருபத்தாறு வயசு. மரப்பெட்டியில்தான் வந்தாள். கைக்குழந்தையை அங்கே ஒரு சிநேகிதர் வீட்டில் விட்டுவிட்டு அத்தான் குற்றாலநாதன் கூடவே வந்தார். அப்பா கையில் கார்கோக் காகிதம் ஒன்று இருந்தது, யாரும் பார்க்காத நேரத்தில் உலகு அதை எடுத்துப் பார்த்தாள். மொத்த எடை என்று ஒரு கட்டம், அதற்குள் நூற்று முப்பத்தெட்டு கிலோ. அக்கா ஐம்பத்து மூன்றுக்கு மேல் ஏறியதே இல்லை. மிச்சம் எண்பத்தைந்தும் மரம், தகரம், ஆணி. உயிரோடு போகும்போது இரண்டு பெரிய பெட்டி, குக்கர், இட்லித் தட்டு, அரிவாள்மணை வரைக்கும் கொண்டுபோனாள். போய் இறங்கிய அன்றைக்கே போனில் சிரித்தாள், இங்க எல்லாம் கிடைக்குட்டி, நாந்தான் கூறில்லாமத் தூக்கிட்டு வந்துட்டேன் என்று. அந்தச் சிரிப்பு இப்போது வந்தால் உலகு அதைத் தள்ளிவிடுகிறாள், ஏனென்றால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும். பாப்பா பிறந்து ஒன்பதாம் நாள் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள், மூக்கப் பாருட்டி, அப்படியே உன் மூக்கு என்றாள். அப்போது உலகு வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில் கவுண்டர் முழுக்க ஆள். பெறவு கூப்பிடுதேன் என்று கட் பண்ணினாள். பெறவு என்று ஒன்று வரவில்லை. யாரிடமும் இதைச் சொன்னது கிடையாது. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் விடு என்பார்கள். அதைக் கேட்டு ஆறிப்போகிற மாதிரி இருந்தால் அது என்ன துக்கம்.

சரி, இவ்வளவு கடுகடுப்பு இருந்தால் ஏன் போகிறாள்? அதையும் அவள் தன்னிடமே பல தடவை கேட்டாயிற்று. அத்தானுக்கு அம்மா இல்லை, அவருடைய லீவு வருகிற திங்களோடு முடிகிறது, நாலரை மாசப் பிள்ளையை யாரிடம் விட? அக்காவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போவதற்காக அம்மாவுக்கு விசா போட்டிருந்தார்கள். அந்த விசா வந்த அன்று அக்கா இல்லை. ஆனால் விசா இருக்கிறது, பாஸ்போர்ட்டும் பீரோவில் இருக்கிறது, விசாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு நாள் இருக்கிறது. அம்மாவே போகலாம். எனக்கு முட்டி வலி, குளிர் ஆகாது, உலகு போகட்டும், சும்மாதானே இருக்கா என்று சொல்லிவிட்டாள். சும்மாதானே இருக்கா. போன வருஷம் பிளஸ் டூ முடித்தாள், மார்க் சுமார், காலேஜ் வேண்டாம் என்று அவளே சொன்னாள், சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பேப்பர் சிக்கினால் மிஷினைத் திறந்து கைவிட்டு எடுக்கிற வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நின்றுகொண்டே இருக்கிறவளை இந்த வீட்டில் சும்மா இருக்கிறவள் என்பார்கள். போகிறேன் என்று ஒத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பொய் சொல்லுவானேன், விமானத்தில் ஏறவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பனியை நேரில் பார்க்கவேண்டும் என்றும். துக்கத்துக்கு நடுவில் இந்த ஆசை எப்படி இடம் பிடித்து உட்கார்ந்தது என்று அவளுக்கே வெட்கம். ஆனால் அப்படித்தான் இருந்தது. போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள். அம்மா அடுப்புக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், குரல் தணிவாக, ஆனால் அம்மாவின் தணிந்த குரல் தெருமுனை வரைக்கும் போகும். "அதான் ஏற்கெனவே அத்தான்னுதான கூப்பிடுதா. புதுசா ஒண்ணும் பழக வேண்டாம்லா." அவ்வளவுதான் கேட்டது. உலகு தம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டாள், தண்ணீர் குடித்தாளா என்றுகூட நினைவில்லை. அம்மாவுக்கு அப்பா சொந்த அத்தை மகன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அம்மா அப்பாவைக் கூப்பிடுவது அத்தான் என்றுதான். அக்கா புருஷனும் அத்தான், தன் புருஷனும் அத்தான், ஒரே சொல், கதவில்லாத வாசல் மாதிரி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்விடலாம், காலில் எதுவும் தட்டாது. அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக விளங்கியது. அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று அத்தான் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உலகு அவருக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தாள், உள்ளே இருந்த பொம்பளைகள் அவரையும் பார்த்து அவளையும் பார்த்தார்கள். அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். சாம்பல் ஆறியிருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா அவள் முகத்தைப் பிடித்து போனுக்கு நேராகத் திருப்பி, பாப்பாவிடம் "அம்மா பாரு, அம்மா வாரா" என்றாள். அத்தான் கேமராவை வேறு பக்கம் திருப்பிவிட்டார், கூரையில் ஒரு விளக்கு மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அவருக்கும் இதில் சம்மதமா, இல்லையா, அந்த விளக்கை வைத்து என்ன கண்டுபிடிக்க. அவர் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. முப்பத்து நாலு வயசு, முன்னந்தலை ஏறிவிட்டது, நல்ல மனுஷன். கல்யாணத்துக்கு மறுநாள் அவளுடைய சைக்கிள் செயின் கழன்று கிடந்ததைப் பார்த்துவிட்டு, புது வேட்டியோடு குத்தவைத்து மாட்டிக் கொடுத்தார், வேட்டியெல்லாம் கிரீஸ். அப்போது அவளுக்குப் பதினாலு. ஓடிப்போய் அத்தான் அத்தான் என்று ஊர் முழுக்கச் சொன்னாள். நன்றாக இருந்த ஒரு சொல், அதைக் கெடுத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் பெரிய பெட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தாள். பெரிய பெட்டியோடு போகிறவள் இருக்கப் போகிறவள். கைப்பெட்டியோடு போகிறவள் திரும்பி வருகிறவள், பார்க்கிறவனுக்கே தெரியும். வாயால் சொல்ல வராததைப் பெட்டி சொல்லட்டும். இதில் அவளுக்கு ஒரு வீம்புகூட இருந்தது, ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போடும்போது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மூன்று டீ-ஷர்ட், இரண்டு சுடிதார், ஒரு நைட்டி, உள்ளாடை, துண்டு, சார்ஜர், காகிதங்கள் வைத்த ஃபைல். பக்கத்து வீட்டில் வாங்கிவந்த எடை மிஷினில் முதலில் வெறும் ஆளாக ஏறினாள், ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், ஐம்பத்தெட்டு புள்ளி நாலு. ஏழு கிலோ இருநூறு. தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள், சரியாக ஏழு. நல்லது. இன்னும் ஒன்றுதான் பாக்கி, குளிருக்கு ஏதாவது வேண்டும், அங்கே இப்போது மார்கழியை விட மோசமாம், ஆனியில் குளிர்கிற நாடு. பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற ஜெர்க்கின் ஒன்று கூலக்கடை பஜாரில் வாங்கி வைத்திருந்தாள், ஆம்பளை ஜெர்க்கின், அதை எங்கேயோ காணோம். எம்மா, என் ஜெர்க்கின் எங்க என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படியில் வந்து நின்று, சாதாரணமாக, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது மாதிரி, "அது எதுக்குட்டி. அங்கதான் கோமுவோடது எல்லாம் அப்படியே இருக்கே. கோட்டு, பூட்ஸு, கம்பளி. உனக்கும் அவளுக்கும் ஒரே அளவுதான" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள், அடுப்பில் குழம்பு.

உலகு மிஷின் மேலேயே நின்றாள். ஒரே அளவு. அதனால்தான் உன் இஷ்டம். அதனால்தான் ஒரு வார்த்தை பேசவில்லை. எதற்குச் சுமக்க வேண்டும், அங்கே எல்லாம் இருக்கிறது, கோட்டு தொங்குகிறது, செருப்பு வாசலில் இருக்கிறது, கட்டிலில் ஒரு பக்கம் காலியாக இருக்கிறது, தொட்டிலில் பிள்ளை இருக்கிறது, ஆள்தான் இல்லை, ஆள் போனால் போதும். வெறுங்கையோடு போனால் இன்னும் நல்லது. மூன்று நாளாக அவள் வீம்பு பிடித்துக் காலி செய்த ஒவ்வொன்றும் அம்மாவுக்குச் சாதகமாகத்தான் விழுந்திருக்கிறது. இவ்வளவு முட்டாளா நான். பிறந்ததிலிருந்தே அப்படித்தானே நடந்திருக்கிறது. அக்காவின் பச்சைப் பாவாடையை எட்டு வருஷம் டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்து உலகு ஆறாம் வகுப்பு போனபோது ஓரம் பிரித்துவிட்டுக் கொடுத்தார்கள். அக்காவின் சைக்கிள். அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸ், காம்பஸில் முள் கிடையாது. அக்காவின் கணக்கு நோட்ஸ், பென்சிலால் பதில் எல்லாம் எழுதியது, அதிலும் பாதி தப்பு. எட்டு வருஷம் இவள் அக்காவின் தப்புப் பதிலைப் பார்த்து எழுதி அடி வாங்கியிருக்கிறாள். புதுசாக ஒன்று கேட்டால், நல்லாத்தான இருக்கு, அவ எப்படி வச்சிருந்தா பாத்தியா என்பார்கள். அக்கா எல்லாவற்றையும் கிழியாமல் வைத்திருப்பாள், அதுதான் வினை. பாவாடை, சைக்கிள், ஜியாமெட்ரி பாக்ஸ், இப்போது புருஷன். இந்த வரிசை மனசில் ஓடியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கையில் சூடாக ஏதோ பட்டது, கண்ணிலிருந்து வந்திருக்கிறது.

ஜெர்க்கின் பீரோவுக்குப் பின்னால் சொருகிக் கிடந்தது. தானாகப் போய்ச் சொருகிக்கொண்டிருக்காது. உதறிக் கட்டிலில் போட்டாள். பெட்டியில் வைத்தால் ஒன்றரைக் கிலோ ஏறும், உடம்பில் போட்டுக்கொண்டால் எடையில் வராது, உடம்பை யாரும் எடை போடுவதில்லை என்று அந்த யூடியூப் பெண் சொல்லியிருந்தாள். உயிரோடு இருக்கிற வரைக்கும் எடை போடுவதில்லை. குளிக்கப் போனாள். தலையில் தண்ணீர் விழ விழ வேறு ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. கோட்டை விடு. கோட்டை மாட்டாமல் இருந்துவிடலாம், பூட்ஸை வேண்டாம் என்றுவிடலாம், ஹாலில் படுத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் அவளைக் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை, அத்தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாப்பா விரலைப் பிடிக்கும். அதுதான் பயம். வீடியோவிலேயே திரையில் கைவைத்துப் பிடிக்கப் பார்க்கிறது. இரண்டு மாசம் குளிப்பாட்டி, பால் கலக்கிக் கொடுத்து, தோளில் போட்டுத் தட்டினால் அதற்கு இவள் வாசனைதான் தெரியும், இவள் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போனால் அழும், ஆறாவது மாசம் கைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் என்ன ஆகும்? இரண்டு தடவை அம்மா இல்லாமல் போகுமா ஒரு பிள்ளை? யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவளே ஆசைப்பட்டு இருந்துவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொள்வாளோ என்னவோ. இருபது வருஷம் கழித்து ஜெராக்ஸ் மிஷின் ஞாபகம் வருமா? சோப்பு கண்ணில் போனது. மூக்கு அப்படியே உன் மூக்கு. கதவுக்கு வெளியே அம்மா நடக்கிற சத்தம், அவள் அறைக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருகிற சத்தம். நேரமாச்சு ஏட்டி என்றாள் அம்மா, அனாவசியமாக.

தலையைத் துவட்டிவிட்டு, எதற்கும் கடைசியாக ஒரு தடவை என்று பெட்டியோடு மிஷினில் ஏறினாள். ஐம்பத்தொன்பது. இறங்கி ஏறினாள், ஐம்பத்தொன்பதே. பெட்டியை வைத்துவிட்டு வெறும் ஆளாக ஏறினாள், ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. அப்படியானால் பெட்டிக்கு எண்ணூறு கிராம் கூடியிருக்கிறது. கண்ணாடி ஜன்னலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, ஈரம் ஏறியிருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள், ஜிப் போட்ட பெட்டிக்குள் என்ன ஈரம். கவிழ்த்துக் கொட்டினாள். சுருட்டி வைத்ததெல்லாம் உருண்டன. அடியில், பெட்டியின் உள்துணிக்குக் கீழே, துண்டில் சுற்றி ஒரு பட்டுச்சேலை. அரக்குக் கலர். அவள் சுருட்டுகிற மாதிரியே சுருட்டி. அம்மா பார்த்துப் பழகியிருக்கிறாள். அதற்குள் தைத்த ஜாக்கெட், கையை வைத்துப் பார்க்கவே வேண்டாம், தோள் அளவு அவளுடையது. வைகாசியில் டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டு வா என்று அம்மா அனுப்பியதும், தீபாவளிக்கு இப்பவே என்ன அவசரம் என்று இவள் கேட்டதும் ஞாபகம் வந்தன. வைகாசி. அக்காவுக்கு மூன்று மாசம்கூட முழுசாக ஆகவில்லை.

அம்மா கதவில் நின்றாள். மறைக்கவில்லை, சத்தமும் போடவில்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்து, சிதறின டீ-ஷர்ட்டை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். உலகு சேலையை மடியிலிருந்து தூக்கி அம்மா பக்கத்தில் வைத்தாள். எத்தனையோ கேட்க வைத்திருந்தாள், ஒன்றும் வரிசையாக வரவில்லை, எனக்குப் பதினெட்டும்மா என்று மட்டும் வந்தது. அம்மா தலையை ஆட்டினாள், தெரியும் என்பது மாதிரி. அங்கேயும் கோயில் இருக்கிறதாம், நாள் பார்த்து, யாரையும் கூப்பிடாமல், என்று எதையோ சொல்லிக்கொண்டு போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு டீ-ஷர்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு வயசு இருக்கு. இன்னிக்கு இல்லேன்னாலும் ரெண்டு வருஷத்துல எவளையாது கட்டத்தான் செய்வாரு. வாறவ நம்மள யாருன்னு கேப்பா. பாப்பா நமக்கு இல்லட்டி பெறவு. கோமு ரெண்டாவது வாட்டியும் போயிருவா."

அம்மாவைத் திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் இதில் கரைந்துபோனது, அதுதான் எரிச்சல். அம்மா கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம். அம்மா கெட்டவள் இல்லை, ஒரு மகள் போன ஓட்டையை அடைக்க இன்னொரு மகளைத் தவிர இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஓட்டையை அடைக்கிற துணி என்ன நினைக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மணி பன்னிரண்டு தாண்டியது. போன் அடித்தது, அம்மாவின் போன், அவர்தான். அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். அம்மா எடுத்து, கிளம்பிட்டேதான் இருக்கா, இந்தாங்க என்று நீட்டினாள், அத்தான்ட்டப் பேசு என்றாள். உலகு கை ஜெர்க்கின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். அவர் சிங்கப்பூரில் இறங்கி எந்தப் பக்கம் போகணும், கவுண்டரில் கேட்டால் என்ன சொல்லணும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், பொடி வத்தல் விதை எதுவும் கொண்டுவராதே, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள் என்றார். பின்னால் பாப்பா ஏதோ ராகம் இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா உலகு என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், எப்போதும் போல அத்தான் என்று வரப்போன இடத்தில் நாக்கு நின்றது. முன்கூட்டி யோசித்ததே இல்லை, சத்தியமாக யோசிக்கவில்லை.

"எடுத்து வச்சாச்சுண்ணே."

ஒரு ணே. எவ்வளவு சின்னது. அம்மாவின் கை சுருட்டிய துணியோடு நின்றது. ஹாலில் பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. போனில் பாப்பாவின் ராகம் மட்டும். வாய் தவறி வந்ததாக நினைத்துக்கொள்வார்கள் என்று பட்டது, அப்படி விடக்கூடாது, இப்போது விட்டால் பிறகு எப்போதும் வராது. ஒரு பெட்டிதான் அண்ணே, கோட்டு நானே கொண்டாரேன், அக்காவோடத எடுக்க வேண்டாம் என்றாள். முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக. வேண்டாத ஆள் ஒருத்தன் பின்னால் வந்தால் பொம்பளைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்து அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்வார்கள், அத்தோடு முடியும், இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பூட்டு கிடையாது. அவர் பின்னால் வந்தவர் இல்லை. இருந்தாலும் பூட்டு பூட்டுதான்.

சரி என்றார் அவர். அப்புறம், "சரிம்மா. பாத்து வா" என்றார். குரலில் என்ன இருந்தது என்று அவளால் பிரிக்க முடியவில்லை, வருத்தமா, இத்தனை நாளாக அவரையும் ஒரு மூலையில் உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்காமலே முடிவு செய்தவர்களிடமிருந்து தப்பித்த மூச்சா. போனை வைக்க மறந்துவிட்டார். தள்ளிப் போய் அவர் பிள்ளையிடம் பேசுவது கேட்டது, பழகாத வார்த்தையைச் சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி, மெல்ல.

"பாப்பா, அத்தை வாராங்க. உங்க அத்தை."

கட் ஆனது.

அத்தை. அவர் அண்ணன் என்றால் இவள் அத்தைதான், வேறு என்ன. இதை அவள் நினைக்கவே இல்லை. நேற்று வரைக்கும் சித்தி. அம்மாவின் தங்கச்சியும் சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டினவளும் சித்தி, அந்தச் சொல்லுக்கும் இரண்டு பக்கமும் வாசல், அதை அடைத்தது சரிதான். ஆனால் அடைத்தபோது உள்ளே எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. உறவுமுறைக் கணக்கில் அம்மாவை ஜெயிக்க ஆள் கிடையாது, அம்மா அதற்குள் போட்டு முடித்திருந்தாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, தெரியாமல் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

"அவரு உனக்கு அண்ணன்னா, கோமு உனக்கு யாருட்டி? மதினியா?"

உலகு கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மதினி. அண்ணன் பெண்டாட்டி, வேறு வீட்டிலிருந்து வந்தவள். ஒரு ணே போட்டு அக்காவைத் தன் கையாலேயே அந்தப் பக்கம் தள்ளிவிட்டாளா. எட்டு வருஷத்துப் பாச்சை உருண்டை வாசனை, முள் இல்லாத காம்பஸ், தப்புப் பதில், தூங்கும்போது மேலே போடுகிற காலு, எல்லாம் மதினியோடதா. இல்லை. கணக்கு அப்படித்தான் வருகிறது, ஆனால் இல்லை. "அவரு வாரதுக்குப் பதினாலு வருஷம் முன்னாலயே அவ எனக்கு அக்காம்மா" என்றாள், சத்தமாகச் சொல்ல நினைத்தது கரகரத்து வந்தது. அம்மா அவளையே பார்த்தாள். நம்பவில்லை என்று இல்லை, இன்னும் ஏதோ கேட்கிற பார்வை. நாலு மாசமாக இந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைக் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னதே கிடையாது என்பது உலகுக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது. அக்காவோடது, அக்காவுக்கு, அக்கா போன பிறகு, என்று பேச்சில் வந்திருக்கிறது. கூப்பிட்டதில்லை. ஹாலில் அப்பா, கார் இப்பவே வந்துட்டு, டிரைவர் மழைக்குப் பயந்து முன்னாலயே வந்துட்டான் என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. ஜெர்க்கினுக்குள் உடம்பு வேர்த்து ஒழுகியது. அந்தச் சொல் இன்னும் வாயில் வருகிறதா என்று இப்போதே பார்த்துவிட வேண்டும், மலையேறிய பிறகு என்றால் நேரமாகிவிடும், அங்கே போய் இறங்கிய பிறகு என்றால் தைரியம் இருக்காது. வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, மாடியில் இருக்கிறவளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், அக்கா என்று கூப்பிட்டாள்.

வந்தது. எங்கேயும் இடறவில்லை, நாக்கு வேறு எதையும் தேடவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், நாலு மாசத்தில் முதல் தடவையாக அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. உலகு இன்னொரு தடவை கூப்பிட்டாள்.